பாத்திக்கு ஒரு பாதம்

ஸ்ரீரங்கத்துக்கு ஏழு மதில். ஊர் உலகமெல்லாம் அதைப் பார்க்க ரயிலேறி வருகிறது. எனக்கோ அந்த வயதில் அதை நினைத்தாலே மூச்சு முட்டும். உத்தர வீதியில் பிறந்தவளைச் சித்திரை வீதியில் கட்டிக் கொடுப்பார்கள். சித்திரை வீதிக்காரி ஒரு மதில் உள்ளே வந்து உத்தர வீதியில் தளிகை பண்ணுவாள், எங்கள் பேச்சில் சமையலுக்கு அதுதான் பெயர். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு மதிலைத் தாண்டியதோடு பிரயாணத்தை முடித்துக்கொண்டார்கள். இந்த ஏழும் போதாதென்று என் அப்பா எங்கள் வீட்டு வாசலில் எட்டாவதாக ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். செங்கல்லால். கணுக்கால் உயரம்தான் இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. உத்தர வீதி ஒண்டுக்குடித்தனத்தை விட்டு, மதில்களுக்கெல்லாம் வெளியே, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு தனி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தோம். வீட்டுக்கு முன்னால் வெறும் மண்ணாக ஒரு வாசல், அதற்கு ஒரு மரக் கேட். அப்பா அந்த மண்ணைப் பார்த்துத்தான் வீட்டைப் பிடித்தார். உள்ளே எத்தனை அறை என்றுகூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு அரசாங்க ஆபீசில் ஹெட்கிளார்க். அந்த ஆபீஸ் தோட்டத்தில் ஒவ்வொரு பூப்பாத்தியைச் சுற்றியும் செங்கல்லைச் சாய்த்து வைத்து, பாதி மண்ணுக்குள் புதைத்து, ஒன்றின் தோளில் இன்னொன்று சாய்கிற மாதிரி நிறுத்தியிருப்பார்கள். மேலே பார்த்தால் ரம்பத்தின் பல் போல இருக்கும். அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம். அப்பா தன் நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்தே சர்வீஸ் பூராவும் தள்ளியவர். சொந்தமாகக் கொஞ்சம் மண் கிடைத்ததும் மனுஷர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் தடவை ஜீயபுரம் பக்கத்துச் சூளையிலிருந்து மாட்டு வண்டியில் கல் வந்தது. அழகாக வரிசை கட்டி வைத்தார். ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தது, அவ்வளவுதான். சரியாக வேகாத கல். வரிசை முழுக்கக் கரைந்து சிவப்புச் சேறாகத் தெருவில் ஓடியது. "எல்லாம் அரைவேக்காடு" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கல்லைத்தானே சொல்றேள்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர் கல் வாங்கினால் ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு தட்டிப் பார்ப்பார். நன்றாக வெந்த கல் டிங்கென்று வெண்கலம் மாதிரி சத்தம் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க எங்கள் வாசலில் இந்த டிங் டிங்தான். முதலில் வட்டப் பாத்தி போட்டார். பிடிக்கவில்லை, பிடுங்கினார். டைமன் வடிவத்தில் போட்டார். அதையும் பிடுங்கினார். நட்சத்திரம் போட்டதில் முனைகளுக்குக் கல் சரியாக உட்காரவில்லை. சணல் கயிற்றை இரண்டு குச்சியில் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இடது பக்கம் வா, இன்னும் கொஞ்சம்" என்று என்னை நகர்த்திக்கொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத வியாதி அப்பாவுக்கும் எனக்கும் ஒன்றேதான். அவருக்கு அது கையில் இருந்தது, எனக்குக் காலில். நான் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்துவிட்டு, போவதற்கு இடமில்லாமல், பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த இன்ஸ்டிட்யூட்டுக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறும்போது மனசு லேசாகும். சாயங்காலம் அதே பாலத்தில் திரும்பும்போது கனத்துப் போகும். வீட்டில் படுத்தால் மெட்ராஸ் போகிற ரயில் காதோடு போகும். அது கொள்ளிடம் பாலத்தில் ஏறுகிற சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்னோடு டைப் படித்த ஒருத்தி மெட்ராஸில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். தன் ஆபீசில் இன்னொரு ஸ்டெனோ வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தனியா மெட்ராஸா? கல்யாணம் பண்ணிண்டு ஆம்படையானோட எங்க வேணாலும் போ. நான் குறுக்க நிக்கமாட்டேன்."

சரி, அப்படியானால் ஆம்படையான் மூலமாகத்தான் ரயிலேற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குள் இரண்டு ஜாதகம் வந்து போயின. ஒன்று சித்திரை வீதி, ஒன்று கோபுரத்துக்குப் பக்கத்திலேயே. ஜாதகம் பொருந்தவில்லை என்று தெரிந்த அன்றைக்கு நான் ரங்கநாயகித் தாயார் சன்னதியில் நெய்விளக்கு ஏற்றினேன். எதற்கென்று அம்மாவுக்குச் சொல்லவில்லை.

மூன்றாவதாகத் தரகர் ஒரு டெல்லி வரனைக் கொண்டுவந்தார். கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பம், பையன் டெல்லியில் சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம். டைப் தெரிந்த பெண்தான் வேண்டுமாம், அங்கே போனதும் வேலைக்கு அனுப்புவார்களாம். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஹிந்தி எழுத்துப் புத்தகம் ஒன்று வாங்கி, ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, தெப்பக்குளத்துக் கடையில் கம்பளி நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். திருச்சி வெயிலில் அதைத் தொட்ட கை வேர்த்தது. பையன் கறுப்பா சிவப்பா என்று நான் கேட்கவே இல்லை. டெல்லி என்றதே போதும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்கு வாசலை எப்படியாவது ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று வெறி பிடித்தது. இருந்ததையெல்லாம் கலைத்தார். கேட்டிலிருந்து வரும் பாதைக்கு நேராக, வாசலின் நடுவில், நீளமாக ஒரே ஒரு பாத்தி. இரண்டு பக்கமும் செங்கல் வரிசை. கேட்டின் பக்கம் இரண்டு வரிசையும் வளைந்து ஒன்றாகச் சேரும். வீட்டின் பக்கம் மட்டும் திறந்து விட்டார், கிணற்றடித் தண்ணீர் அந்த வழியாகப் பாத்திக்குள் பாய வேண்டுமே. நடுவில் ஒரே வரிசையாகக் கோழிக்கொண்டைச் செடி. சொல்லி வைத்தாற்போல் அந்த வாரம்தான் அத்தனையும் பூத்தன, இரத்தச் சிவப்பாக. முந்தின நாள் சாயங்காலம் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து முடித்தார். வீட்டுப் படியில் நின்று பார்த்து, "இப்பதான் திருப்தியா இருக்கு" என்றார். அந்த மனுஷர் வாயில் திருப்தி என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு வந்த பால்காரர் பாத்தியைப் பார்த்து நின்றார். "என்னங்க சாமி, பூமிக்கே நாமம் போட்டுட்டீங்க" என்று சிரித்துவிட்டுப் பாலை ஊற்றினார். நாமம் போடுவது என்றால் ஏமாற்றுவது. நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பேச்சு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பாலில் தண்ணீர் விடுகிறவர் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே பாலை அடுப்பில் வைத்தாள். அவர் சொன்னதை யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாத்தி தலைகீழாகத்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். வைஷ்ணவர்களில் இரண்டு கலை. வடகலையார் நெற்றியில் இடும் வெள்ளைத் திருமண் புருவத்துக்கு நடுவில் வளைந்து முடிந்துவிடும், இங்கிலீஷ் யூ எழுத்து மாதிரி. தென்கலையாருக்கு அந்த வளைவின் கீழே மூக்கின்மேல் இறங்குகிற மாதிரி ஒரு பாதம் உண்டு. நடுவில் சிவப்புக் கோடு இரண்டு பேருக்கும் பொது. சம்பந்தம் பேசுகிற இடத்தில் இந்தப் பாதம் உண்டா இல்லையா என்பது பெண்ணின் மூக்கைவிட முக்கியம். நாங்கள் தென்கலை, அவர்களும் தென்கலை. ஆனால் ஆபீஸ் போகிற அப்பா நெற்றியில் சிவப்புக் கோடு ஒன்றை மட்டும்தான் இட்டுக்கொள்வார். அதைப் பார்த்து எந்தக் கலை என்று பெருமாளாலேயே சொல்ல முடியாது.

ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். பையன், பையனின் அம்மா, அப்பா. கூடவே வருகிறேன் என்று சொல்லியிருந்த தரகரைக் காணோம். நான் அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்னறை ஜன்னல் கதவின் இடுக்கில் கண்ணை வைத்திருந்தேன். பையனின் அப்பா நெற்றி நிறையத் திருமண், பாதத்தோடு, காய்ந்து பளிச்சென்று. அப்பா கேட்டைத் திறந்து, "வாங்கோ வாங்கோ" என்றார். பையனின் அப்பா ஒரு காலை எடுத்து வைத்தார். பாத்தியைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"தரகர் தென்கலைன்னு சொன்னாரே."

"தென்கலைதான். உள்ள வாங்கோ."

"அப்ப இது என்ன?"

"பூப்பாத்தி" என்றார் அப்பா, ஒன்றும் புரியாமல்.

"அது தெரியறது. இந்தப் பக்கம் வந்து பாருங்கோ."

அப்பா கேட்டுக்கு வெளியே போய், அவர் பக்கத்தில் நின்று, திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் வடிந்து போயிற்று. இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் சிவப்பு, கீழே வழித்துவிட்ட வளைவு. ஊர் அறிய, கேட்டுக்கு நேராக, பூமியில் படுத்துக்கொண்டிருந்தது அசல் வடகலை நாமம். இத்தனை நாள் கயிறு கட்டி அளந்து அளந்து அதைத்தான் போட்டிருக்கிறார்.

"சத்தியமா இது தற்செயல். வேணும்னு பண்ணலை" என்றார் அப்பா.

"போன வருஷம் ஒரு இடத்துல இப்படித்தான். தாம்பூலம் மாத்தற வரைக்கும் தென்கலை தென்கலைன்னா. அப்பறம் பாத்தா வடகலை. அதுவும் இதே தரகர்தான்." அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இன்னொரு தரம் போட்டுக்க இங்க இடம் இல்லை. மன்னிக்கணும்."

வண்டிக்காரர் இன்னும் போகவில்லை. பையன் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டார். பையனின் அப்பா வண்டிப் படியில் கையை வைத்தார். என் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.  என் டெல்லி, என் ஸ்வெட்டர், என் சம்பளம், எல்லாம் அந்தக் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறது. இனி அடுத்த ஜாதகம் எந்த வீதியிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

கூப்பிடுகிற வரைக்கும் பெண் வெளியே வரக் கூடாது. நான் வந்தேன். பின்னால் அம்மா "அடியே, அடியே" என்றது காதில் விழுந்தது. மதிலோரம் அப்பா மிச்சக் கல்லை அடுக்கி வைத்திருந்தார், அதற்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்து. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லை அள்ளினேன். பாத்தியின் வளைவுக்குக் கீழே, கேட்டைப் பார்த்து, கல்லோடு கல்லாகப் படுக்க வைத்தேன். புதைக்க நேரமில்லை. பட்டெல்லாம் சுண்ணாம்பு. வளைவின் கீழே ஒரு பாதம் இறங்கியது, கொஞ்சம் கோணலாக.

எழுந்து நின்று, "வேலை முடியலை மாமா. பாதம்தான் பாக்கி இருந்தது" என்றேன்.

பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவர் அப்பா மட்டும் பாத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"பலே. இந்தக் காலத்துப் பொண்ணுக்கு சம்பிரதாயத்துல இவ்வளவு சிரத்தையா?" என்றார். கையைப் படியிலிருந்து எடுத்தார். உள்ளே வந்தார்.

எனக்கும் சிரத்தைக்கும் வெகு தூரம். ஆனாலும் கை கழுவப் போன இடத்தில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா கேசரித் தட்டை என் கையில் திணித்தாள், நான் கொண்டுபோய் வைத்தேன், சேவித்தேன், பாடச் சொன்னதற்குப் பாடினேன். சுண்ணாம்பு உள்ளங்கையில் எரிந்துகொண்டிருந்தது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

பையனின் அப்பா ஒரு பஜ்ஜியை முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்குப் பரம திருப்தி. ஸ்ரீரங்கத்துலதான் பொண்ணு எடுக்கணும்னு ஏன் பிடிவாதமா இருந்தேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

"தெரியலையே" என்றார் அப்பா.

"தரகர் சொல்லலையா? பையனுக்கு டெல்லிக் குளிர் ஒத்துக்கலை. திருச்சிக்கே மாத்தல் வாங்கியாச்சு. சித்திரை வீதியில குடியிருக்க ஒரு ஆமும் பாத்தாச்சு. நாங்களும் அங்கேயே வந்துடறோம். கடைசிக் காலத்துல பெருமாள் திருவடியில கிடக்கணும், அவ்வளவுதான் ஆசை. பொண்ணும் வேலை கீலைன்னு அலைய வேண்டாம். அம்மா ஆம் ரெண்டு எட்டுல இருக்கு. என்ன குறை?"

தரகர் எங்களுக்குத்தான் நாமம் போட்டிருந்தார், பாதத்தோடு.

காபி டம்ளரை வைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாதுவான மனுஷர், அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. டெல்லி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்ரீரங்கம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நடுவில் யார் என்ன செய்ய முடியும்? எனக்கு அழுகை வந்தது. அழுதால் வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதில் இன்னும் கோபம் வந்தது. சித்திரை வீதிக்கு வழி போடுகிற கல்லை நானே ஓடிப் போய் என் கையால் வைத்திருக்கிறேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். உள்ளங்கை சுண்ணாம்பில் சிவந்திருந்தது.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தார்.

வாசலுக்குப் போய்விட்டார். பையனின் அம்மா வெற்றிலைத் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். அப்போது வெளியே டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எல்லோரும் எழுந்து நிலைப்படிக்கு வந்தோம்.

அப்பா ஜரிகை வேஷ்டியோடு பாத்தியோரம் குந்தியிருந்தார். நான் வைத்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, மதிலோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். பாதம் பாதி போயிருந்தது.

"என்ன பண்றேள்?" என்றார் பையனின் அப்பா.

"இது நான் வச்சது இல்லை. குழந்தை அவசரத்துல வச்சுட்டா. பாத்தி முன்னால எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும்."

"அப்ப நீங்க வடகலைதானா?"

அப்பா கடைசிக் கல்லையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "பாத்தியைப் பாத்தாத் தெரியலையா?" என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதையும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் விடியற்காலையில் பிரபந்தம் சேவிக்காமல் காபி குடிக்காதவர், தென்கலை என்பதைத் தன் பெயரைப் போல வைத்திருந்தவர், அதைச் சொன்னார். பையனின் அப்பா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வெற்றிலை தட்டிலேயே இருந்தது. வண்டி ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போயிற்று.

அம்மா சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். அவள் கோபம் தணிய நாளாயிற்று. ஊரில் விஷயம் பரவி, எங்களை எந்தக் கலை என்று சொந்த மனுஷாளே கேட்கிற நிலைமை வந்தது. அது வேறு கதை.

அன்றைக்கு வெயில் இறங்குகிற நேரத்தில் அப்பா இன்னும் பாத்தியோரம்தான் இருந்தார். நான் பாதம் வைத்த அவசரத்தில் வளைவில் சில கல் சரிந்திருந்தது. மண்ணைத் தோண்டி, அதை மறுபடி சாய்த்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தட்டிப் பார்த்தார். நிமிரவில்லை.

"மெட்ராஸ்ல அந்த ஹாஸ்டல்ல," என்றார், "தளிகை நன்னாப் பண்ணுவாளா?"

 அந்த ஹாஸ்டல் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"பிரமாதமாப் பண்ணுவாளாம் அப்பா" என்றேன். அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தேன்.